உலகக் கோப்பை வருடத்தில் மட்டும் பாடும் சிள்வண்டு



சிள்வண்டு என்றதும் நம்மில் பாதிப் பேர் சுவர்க்கோழியைத்தான் நினைப்போம். அது வேற, இது வேற. ராத்திரியில் சுவர் இடுக்கில் ‘கிரிக் கிரிக்’ என்று கத்துவது சுவர்க்கோழி. மரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு காதே அடைத்துப்போகும்படி ஒரே மூச்சாக இரைவதுதான் சிள்வண்டு. சுவர்க்கோழி வெட்டுக்கிளியின் வரிசையைச் சேர்ந்தது, கடித்து மென்று தின்னும். சிள்வண்டுக்குக் கடிக்கிற வாயே கிடையாது. ஊசி மாதிரி குழாய்தான் இருக்கும், அதைச் செடிக்குள் செருகிச் சாறு உறிஞ்சும். அதனால் அதன் வரிசை ஹெமிப்டிரா. அசுவினியும் மூட்டைப்பூச்சியும் அதே வரிசைதான்! பெயரில் ‘வண்டு’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மையில் அது வண்டு இனமும் இல்லை.

உலகத்தில் 3000-க்கும் மேற்பட்ட சிள்வண்டுச் சிற்றினங்கள் உண்டு. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏன்னா அது நம் இந்தியாவில் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

அதன் அறிவியல் பெயர் கிரெமிஸ்டிகா ரிபோய். பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரியே எழுதினால்: தொகுதி கணுக்காலிகள், வகுப்பு பூச்சிகள், வரிசை ஹெமிப்டிரா, குடும்பம் சிக்காடிடே, பேரினம் கிரெமிஸ்டிகா, சிற்றினம் ரிபோய். இந்தப் பேரினத்துப் பூச்சிகள் இந்தியா, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று வெப்ப மண்டல ஆசியா முழுக்கப் பரவியிருக்கின்றன. ஆனா ரிபோய்க்குத் தெரிந்த ஊர் ஒன்றே ஒன்று. மேகாலயாவில் கௌஹாத்தியிலிருந்து ஷில்லாங் போகிற வழியில் வரும் ரி போய் மாவட்டம். அந்த மாவட்டத்துப் பெயரைத்தான் சிற்றினப் பெயராக வைத்தார்கள். ஹாஜோங், சல்மா யாக்கூப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல்தான் இதைப் புதுச் சிற்றினம் என்று எழுதினார்கள். அந்த ஊர்க்காரர்களோ அதற்கு முன்பே ‘நியாங்தாசேர்’ என்று பெயர் வைத்து அழைத்துக்கொண்டிருந்தார்கள். அறிவியல் கொஞ்சம் லேட்!

சரி, இதில் என்ன அதிசயம்? இது நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் வெளியே வரும். 2010, 2014, 2018, 2022. கால்பந்து ரசிகர்கள் இதைப் படித்ததும் கண்டுபிடித்திருப்பீர்கள், எல்லாமே உலகக் கோப்பை நடந்த வருடங்கள்! அதனால் ‘உலகக் கோப்பைச் சிள்வண்டு’ என்றே இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு.

நடுவில் மூன்று வருடம் எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை, மண்ணுக்குள் இருக்கிறது. தாய்ப்பூச்சி மரக்குச்சியைக் கீறி முட்டை வைக்கும். குஞ்சு பொரிந்ததும் கீழே விழுந்து மண்ணைத் தோண்டி உள்ளே போய், வேரில் ஊசியைச் செருகிவிடும். அது குடிப்பது வேரிலிருந்து மேலே ஏறுகிற தண்ணீர் மாதிரியான சாறு. சத்து ரொம்பக் கம்மி. அதைக் குடித்து வளர வருடக்கணக்கில் ஆகத்தானே செய்யும்! பிறகு அந்த நான்காம் வருடத்தில், கோடையில், பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாக மேலே வந்து தோல் உரித்துச் சிறகு விரிக்கும். ஆண் மட்டும் பாடும். வயிற்றின் இரண்டு பக்கமும் விறைப்பான சவ்வு உண்டு. தகர டப்பா மூடியை அமுக்கி விட்டால் ‘டொக்’ என்று கேட்கும் இல்லையா, அதையே நொடிக்கு நூறு தடவைக்கு மேல் செய்தால் எப்படி இருக்கும்? அதுதான் பாட்டு. வயிறு காலிக் குடம் மாதிரி இருப்பதால் சத்தம் இன்னும் பெரிதாகிறது.

இப்படி வருடம் எண்ணி வரும் சிள்வண்டுகள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். அமெரிக்காவில் 13 வருடமும் 17 வருடமும் காத்திருக்கும் இனங்கள் உண்டு. ஃபிஜித் தீவில் 8 வருடக் கணக்கு. அந்த ஃபிஜிக்காரர்கள் 2013-இல் தங்கள் 100 டாலர் நோட்டிலேயே அதன் படத்தைப் போட்டுவிட்டார்கள்.

எல்லாம் ஒரே நேரத்தில் வருவது நல்ல தந்திரம். பறவையும் ஓணானும் எவ்வளவு தின்றாலும் வயிறு நிறைந்துபோகும், மிச்சம் பிழைத்துவிடும். ரி போய் மக்களும் விளக்கோடு இரவில் போய்ப் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், மீன் தூண்டிலுக்கும் வைக்கிறார்கள். அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், நம் ஊரில் ஈசல் வறுத்துத் தின்னாதவர்கள் யார்?

எனக்குக் கவலை வேற இடத்தில். மற்ற சிள்வண்டுகள் வருடா வருடம் வரும். ஒரு வருடம் மொத்தமும் அழிந்தால்கூட அடுத்த வருடத்துக்காரர்கள் மண்ணுக்குள் தயாராக இருப்பார்கள். ரிபோய்க்கு அந்த மாற்று ஆள் கிடையாது. எல்லாம் ஒரே வயது, ஒரே வகுப்புப் பிள்ளைகள் மாதிரி. இடமும் ஒரு மாவட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. பாட்டுக் கேட்காத ஒரு வருடத்தில் யாராவது அந்தக் காட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாது. வெறும் இடம் என்று நினைத்து மரத்தை வெட்டி மண்ணைப் புரட்டிவிடலாம். ஆனா அந்த நேரத்தில் மொத்த இனமும் அவர் காலுக்குக் கீழேதான் வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.