பாடம் 7: டார்ஜிலிங்கின் சிவப்புப் பாண்டா

மேற்கு வங்காளத்தின் வடகோடியில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் ஓர் உயிரியல் பூங்கா அமைந்துள்ளது. டார்ஜிலிங்கில் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இப்பூங்காவிற்கு, 1975இல் பத்மஜா நாயுடுவின் பெயர் சூட்டப்பெற்றது. இவர் கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் மகள். மேற்கு வங்காளத்தின் ஆளுநராகப் பணியாற்றியவர். பனிச்சிறுத்தை, திபெத்திய ஓநாய் முதலிய குளிர்மலை விலங்குகளே இப்பூங்காவின் சிறப்பு. அவற்றுள் காண்போர் மனத்தை எளிதில் கவர்வது சிவப்புப் பாண்டா.

பாண்டா என்றதும் கருப்பும் வெள்ளையுமான பெரிய விலங்கே பலர் நினைவுக்கு வரும். ஆயினும் அப்பெயர் முதலில் இச்சிறிய விலங்குக்கே உரியதாக இருந்தது. அறிவியலார் இதனை 1825இலேயே விவரித்தனர். பெரிய பாண்டா 1869இல்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. பெயரை இரவல் கொடுத்தவர் மறக்கப்பட, வாங்கியவர் புகழ்பெற்ற கதை இது! பெரிய பாண்டா கரடி இனத்தைச் சேர்ந்தது. சிவப்புப் பாண்டாவோ தனிக் குடும்பம்.

செம்பழுப்பு உடல், கரிய கால்கள், வளையங்கள் நிறைந்த நீண்ட வால் ஆகியவை இதன் அடையாளங்கள். பாதத்தின் அடியிலும் அடர்ந்த மயிர் உண்டு. பனியில் நடக்க அது உதவும். மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு, கட்டைவிரல்போல் மூங்கிலைப் பற்றிக்கொள்ளும். ஊனுண்ணிகளின் குடலைப் பெற்றிருந்தும் இது பெரும்பாலும் மூங்கில் இலையையே உண்கிறது. அவ்விலையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஆதலால் பகலின் பெரும்பகுதியை மரக்கிளையில் படுத்து, வாலால் முகத்தை மூடி உறங்கிக் கழிக்கிறது. "எப்போதும் தூங்குகிறதே!" என்று சலித்துக்கொள்ளும் பார்வையாளர், அந்தியில் வந்து பார்த்தல் வேண்டும்.

பராமரிப்பாளர் அவ்வாறு சலிப்பதில்லை. நேற்றிட்ட மூங்கிலில் எவ்வளவு மீதமுள்ளது என்பதையே அவர் முதலில் நோக்குவார். வாய்விட்டுச் சொல்ல இயலாத விலங்கின் நோயை, மீந்த உணவே அறிவித்துவிடும். ஒவ்வொரு பாண்டாவின் தாய், தந்தை, பாட்டன் ஆகிய விவரங்களும் பதிவேட்டில் எழுதப்படும். நெருங்கிய உறவுடையவற்றை இணைத்தால் குட்டிகள் நலிந்து பிறக்கக்கூடும் என்பதே காரணம்.

இவ்வாறு வளர்த்த விலங்கைக் காட்டிற்குத் திருப்பி அனுப்ப இயலுமா? 2003ஆம் ஆண்டில் அம்முயற்சி மேற்கொள்ளப்பட்டது. பூங்காவிலேயே பிறந்த ஸ்வீட்டி, மினி என்னும் இரு பெண் பாண்டாக்கள், நேபாள எல்லையை ஒட்டிய சிங்கலிலா தேசியப் பூங்காவில் விடப்பட்டன. செல்லுமிடம் அறிவதற்காக அவற்றின் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டப்பட்டது. கூண்டில் பிறந்தவற்றுக்குப் பகைவிலங்கு இன்னதென்று தெரியாது. வேளைக்கு உணவு தருவாரும் அங்கு இல்லை. அனுப்பியவர்களும் இதனை அறிந்தே அனுப்பினர். மினி, வேட்டை விலங்கிற்கு இரையாயிற்று. ஸ்வீட்டி பிழைத்தது, தனக்குரிய மூங்கிலைத் தானே தேடிக்கொண்டது. 2004ஆம் ஆண்டில் அது காட்டிலேயே குட்டி ஈன்றது. அக்குட்டி கூண்டைக் கண்டதேயில்லை.

அருஞ்சொற்பொருள்
அந்தி – மாலைப்பொழுது
நலிந்து – மெலிந்து, வலிமை குன்றி
ஊனுண்ணி – இறைச்சி உண்ணும் விலங்கு

பயிற்சி
1. சிவப்புப் பாண்டா பகலில் மிகுதியாக உறங்குவது ஏன்?
2. 'மூங்கில்' என்பதற்கு வேய், கழை என்னும் பெயர்களும் உண்டு. இவற்றைக் கொண்டு இரு தொடர்கள் எழுதுக.
3. மினி இறந்த பின்னரும் வேறு பாண்டாக்களைக் காட்டிற்கு அனுப்பலாமா? பராமரிப்பாளர் இருவர் உரையாடுவதுபோல் எழுதுக.