கறுப்புக் கண்ணாடி: அலங்காரமா, ஆயுதமா?



'கூலிங் கிளாஸ்' என்றதும் நம் நினைவுக்கு வருவது சினிமா ஹீரோவும், பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரக் கடையும்தான். ஆனால் ராணுவத்தில் அது பூட்ஸ், ஹெல்மெட் போல ஒரு கருவி. எப்போது போட வேண்டும், எப்போது கழற்ற வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே விதி உண்டு. டிப்ளமோ முடித்து ராணுவத்தின் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு முயற்சி செய்யும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மற்றவர்களும் நாளைக்கு வெல்டிங் ஷாப்பிலோ, வெயில் கொளுத்தும் சைட்டிலோ நிற்கப் போகிறவர்கள்தான். கண்ணுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது. ஆகவே ராணுவம் இந்த விஷயத்தை எப்படிப் பார்க்கிறது என்று நாமும் தெரிந்துகொள்வோம்.

பனியில் கண் எரிவது ஏன்?

1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ல் தொடங்கிய 'ஆபரேஷன் மேகதூத்' நடவடிக்கை முதல் சியாச்சின் பகுதியில் நம் வீரர்கள் காவல் நிற்கிறார்கள். அங்குள்ள பல காவல் நிலைகள் 18,000 அடிக்கும் மேலே. குளிர்தான் அங்கே எதிரி என்று நினைப்போம். வெளிச்சமும் எதிரிதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. 18,000 அடி என்பது ஏறத்தாழ 5,500 மீட்டர். அப்படியானால் கடல் மட்டத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். இது மேலிருந்து வருவது. கீழிருந்தும் வருகிறது! கடற்கரை மணல் புற ஊதாக்கதிரில் சுமார் 15 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். புதுப் பனியோ 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தொப்பியை எவ்வளவு இறக்கி வைத்தாலும் பயன் இல்லை.

இந்தக் கதிர் கண்ணின் முன்பக்கமுள்ள கருவிழிப் படலத்தைச் சுட்டுவிடுகிறது. இதைத்தான் பனிக்குருடு என்கிறார்கள். இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், சுடும்போது வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் பனிமலையில் ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு நடக்கும் குழுவில் ஒருவருக்கு இரண்டு நாள் கண் தெரியவில்லை என்றால், ஆபத்து அவருக்கு மட்டுமா?

நமக்கு இது புதிய நோய் அல்ல. போன வருஷம் எங்கள் பேட்ச்சில் ஒருவன் ஷீல்டு இல்லாமல் வெல்டிங் ஆர்க்கைப் பார்த்துவிட்டு, ராத்திரி ஹாஸ்டலில் "கண்ணுக்குள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குடா" என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தான். பனிமலையில் வருவதும் அதே புண்தான். காரணம் அங்கே சூரியன், இங்கே ஆர்க்.

கறுப்பாக இருந்தால் போதுமா?

போதாது. கண்ணாடியின் கறுப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைக்கிறது. புற ஊதாக்கதிரைத் தடுப்பது வேறு குணம். அது கண்ணாடி செய்த பொருளையும் அதன் பூச்சையும் பொறுத்தது. இருட்டைக் கண்டதும் நம் கண்ணின் பாப்பா அகலமாகத் திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் கண்ணாடி புற ஊதாக்கதிரைத் தடுக்காவிட்டால், அது தாராளமாக உள்ளே போகும். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு வாசலைத் திறந்து வைத்த கதைதான்!

இன்றைய ராணுவக் கண்ணாடிகளில் பெரும்பாலும் பாலிகார்பனேட் லென்ஸ்தான். 1953-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலும் தனித்தனியே உருவான பிளாஸ்டிக் இது. புற ஊதாக்கதிரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அடியும் தாங்கும். அமெரிக்க ராணுவத்தின் சோதனையில், சுமார் 3.8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உலோகத் துண்டை வினாடிக்கு ஏறத்தாழ 195 மீட்டர் வேகத்தில் லென்ஸ் மேல் சுடுகிறார்கள். அது துளைத்துவிட்டால் கண்ணாடி பெயில். குண்டு வெடிப்பில் பறக்கும் சிறு சிதறல்களிலிருந்து பார்வையைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு.

விமானி கற்றுத் தந்த பாடம்

1920 பிப்ரவரியில் அமெரிக்க விமானி ஷ்ரோடர் 33,000 அடிக்கு மேல் பறந்தார். கண்ணாடியை விலக்கியபோது கடுங்குளிரில் அவர் கண்கள் உறைந்துபோயின. பார்வை மங்கிய நிலையில் தட்டுத் தடுமாறித் தரையிறங்கினார். விமானியின் கண்ணுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பதை அந்தக் காலத்து உயரப் பறத்தல்கள் உணர்த்தின. 1930-களில் பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் விமானிகளுக்காகப் பச்சை லென்ஸ் கண்ணாடியைக் கொண்டுவந்தது. அதுதான் 1937-ல் ரேபான் என்ற பெயர் பெற்றது.

பின்னர் வந்த விமானிக் கண்ணாடிகளில் சாம்பல் நிறம் இடம் பிடித்தது. ஏன்? சாம்பல் நிறம் எல்லா வண்ணங்களையும் ஒரே அளவில் குறைக்கும். சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் தெரியும். வெளிச்சத்தில் 15 சதவீதம் மட்டுமே உள்ளே வரும். கூச்சத்தை நன்றாகக் குறைக்கும் போலராய்டு லென்ஸை விமானிகள் தவிர்க்க வேண்டும் என்பார்கள். எல்சிடி திரையைச் சில கோணங்களில் அது கறுப்பாக்கிவிடும். தூரத்தில் வரும் இன்னொரு விமானத்தின் மினுமினுப்பையும் மறைத்துவிடும். நீங்களே சோதிக்கலாம்: ஒரு போலராய்டு லென்ஸைக் கால்குலேட்டர் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எண்கள் மறையும்!

பகலில் போடுவது ராத்திரிக்காக

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பகலில் சில மணி நேரம் கடும் வெயிலில் வெறுங்கண்ணோடு இருந்தால், அன்றிரவு கண்ணின் இருள் பார்வை குறைகிறது. அதனால் இரவில் பறக்க வேண்டிய ராணுவ விமானிகள் பகல் வெயிலிலேயே சாம்பல் நிறக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள்.

கழற்ற வேண்டிய நேரம்

அமெரிக்க ராணுவத்தின் சீருடை விதிப்படி அணிவகுப்பில் கூலிங் கிளாஸ் கூடாது. கட்டடத்துக்குள் கூடாது. தலை மேல் ஏற்றிவிடவோ, சட்டையில் தொங்கவிடவோ கூடாது.  மருத்துவர் சொன்னால் மட்டும் விதிவிலக்கு உண்டு.

"இதென்ன கெடுபிடி?" என்று தோன்றலாம். எனக்குப் புரிந்த வரையில் காரணம் இதுதான்: பயிற்சியாளர் வீரனின் கண்ணைப் பார்த்துத்தான் அவன் களைப்பை, மயக்கத்தை, கவனக் குறைவைப் படிக்கிறார். துப்பாக்கி கையில் இருக்கும் இடத்தில் அது உயிர்ப் பிரச்னை. 2003-ல் தெற்கு ஈராக்கில் ரோந்து போன பிரிட்டிஷ் வீரர்கள், சண்டை ஓய்ந்த இடங்களில் ஹெல்மெட்டை எடுத்துத் துணித் தொப்பி அணிந்தார்கள். மக்களிடம் பேசும்போது கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினார்கள். கண் தெரியாத முகத்தை யார் நம்புவார்கள்?

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. கண்ணாடி வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். புற ஊதாக்கதிர்த் தடுப்பைப் பாருங்கள். 'யூவி 400' என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல், வசதியுள்ள கண்ணாடிக் கடையில் மீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

2. பனிமலைக்கான மிகக் கறுப்புக் கண்ணாடி 3 முதல் 8 சதவீத ஒளியைத்தான் விடும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. ராத்திரியில் எந்தக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம்.

3. கூலிங் கிளாஸ் வெல்டிங் ஷீல்டு ஆகாது. ஆர்க் வெல்டிங்குக்குப் பொதுவாக 10-ஆம் எண் அல்லது அதற்கு மேற்பட்ட கறுப்பு வடிகட்டி வேண்டும். "ஒரே ஒரு டேக் தானே" என்று அலட்சியம் வேண்டாம்.

4. பெரியவர்களிடமும் ஆசிரியரிடமும் பேசும்போது கழற்றிவிடுங்கள். மரியாதைக்கு மட்டுமல்ல, நம்பிக்கைக்கும்.

வேலைக்கு ஏற்ற கண்ணாடியைப் போட்டு, நேரத்துக்குக் கழற்றுகிறவனுக்கு அது ஆயுதம். ஊர் பார்க்கப் போடுகிறவனுக்கு வெறும் அலங்காரம். நண்பர்களே, நாளை நாம் எந்த சைட்டில், எந்த எல்லையில் நின்றாலும், நம் படிப்பும் பிழைப்பும் இந்த இரண்டு கண்களை நம்பித்தான். பத்திரம்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்