கேரல், பாமாலை, தேசபக்திப் பாடல்களை வாத்தியத்துக்கு மாற்றுவது எப்படி? தொடக்கக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொயர் மாஸ்டர் தோளில் கை போடுவார். "தம்பி, கேரல் சர்வீஸ்ல காணிக்கை எடுக்குற நேரத்துக்குப் பாட்டு வேண்டாம். வாத்தியம் மட்டும் வாசிச்சிடுங்க." கையில் இருப்பது இரண்டு வயலின், ஒரு ஃப்ளூட், ஒரு கிளாரினெட், ஒரு கீபோர்டு. இரண்டு வாரம்தான் இருக்கிறது.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் நான்கையும் நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்து, மூன்று சரணத்தையும் அப்படியே வாசித்துவிடுவார்கள். முதல் சரணம் நன்றாக இருக்கும். இரண்டாவதில் முன்வரிசைக் குழந்தைகள் நெளியத் தொடங்குவார்கள். மூன்றாவதில் பெரியவர்களும். பாடும்போது இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் சரணத்துக்குச் சரணம் சொல் மாறுகிறது. சொல்லை எடுத்துவிட்டால் ஒரே மெட்டு மூன்று முறை வருகிறது, அவ்வளவுதான். அந்தச் சொல் செய்த வேலையை யார் செய்வது என்று யோசிப்பதுதான் அரேஞ்ச்மென்ட்.

இங்கே 'சைலன்ட் நைட்' பாட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, மொத்தம் 12 பார்தான்.

படி 1: மெட்டைத் தேர்ந்தெடுங்கள்

சொல் இல்லாமலும் நிற்கிற மெட்டு வேண்டும். வாயால் முனகிப் பாருங்கள். ஒரே சுரத்தில் நீளமாகச் சொற்களை அடுக்கிப் போகிற பாட்டு, முனகலில் செத்துப்போகும்.

'ஜாய் டு தி வேர்ல்டு' முதல் அடியில் சங்கராபரணத்தின் அவரோகணம் மேல் ஷட்ஜத்திலிருந்து கீழ் ஷட்ஜம் வரை அப்படியே இறங்குகிறது. 'அமேசிங் கிரேஸ்' மெட்டில் ஐந்தே சுரங்கள். நம் காதுக்கு அது மோகனம். இரண்டுமே முதல்முறை முயல்கிறவர்களுக்கு நல்லவை.

'சைலன்ட் நைட்' பிறந்ததே எளிமையில்தான். 1818 டிசம்பர் 24 அன்று, சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃப் தேவாலயத்தில், யோசெஃப் மோர் எழுதிய வரிகளுக்கு ஃபிரான்ஸ் சேவர் குருபர் மெட்டமைக்க, கிட்டார் துணையோடு பாடினார்கள். எலி ஆர்கன் துருத்தியைக் கடித்துவிட்டதால்தான் கிட்டார் வந்தது என்கிற கதை சுவையானது, ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. நமக்குத் தேவையானது அந்தக் கிட்டார் மட்டும். அதை எங்கே பயன்படுத்துவது என்று பிறகு பார்ப்போம்.

படி 2: சொற்களோடு பாடி, மூச்சைக் குறித்துக்கொள்ளுங்கள்

வாத்தியத்துக்குச் சொல் எதற்கு என்று கேட்காதீர்கள். பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறீர்களோ அங்கே தாளில் ஒரு காற்புள்ளி போடுங்கள். ஃப்ளூட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் மூச்சு தேவை என்பது தெரிந்ததே. வயலின் வில்லை ஓட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் கேட்பவர்கள் மனத்துக்குள் பாடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் வில் நிற்காவிட்டால் ஏதோ தப்பாக இருப்பதாக உணர்வார்கள், என்னவென்று சொல்லத் தெரியாது.

படி 3: சுருதியை முடிவு செய்யுங்கள்

புத்தகத்தில் உள்ள சுருதி பாடுகிறவர்களுக்காகப் போட்டது. வாத்தியத்துக்கு நீங்கள் மாற்றலாம், பல சமயம் மாற்றியே ஆகவேண்டும்.

முதலில் மெட்டின் ஆகக் கீழ்ச் சுரத்தையும் ஆக மேல் சுரத்தையும் பாருங்கள். 'சைலன்ட் நைட்' கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் மத்யமம் வரை போகிறது, நீண்ட எல்லைதான். வயலினின் கடைசிக் கம்பி நடு ஸி-க்குக் கீழே உள்ள ஜி. அதற்குக் கீழே போக வழியே இல்லை. டெனர் வரியை அப்படியே இரண்டாம் வயலினுக்குக் கொடுக்கிறவர்கள் இடறி விழுவது இங்கேதான். ஃப்ளூட் நடு ஸி வரை இறங்கும், ஆனால் அடியில் குரல் மெலிந்துவிடும்; மற்றவர்கள் சேர்ந்தால் காணாமலே போகும்.

நான் டி மேஜர் எடுப்பேன். குருபரும் டி-யில்தான் எழுதினார், என்றாலும் என் காரணம் வேறு. டி, ஏ இரண்டும் வயலினின் திறந்த கம்பிகள், ஒலி தானாகவே விரியும். இன்னொன்று: மெட்டை ஒரு ஸ்தாயி இறக்கிக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தால், கடைசி ஷட்ஜம் அந்தக் கருவியின் ஆக அடிச் சுரத்தில் போய் உட்காரும். இந்தத் தாலாட்டின் ஒரு சரணம் முடிவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

இப்போது எச்சரிக்கை. சாதாரணக் கிளாரினெட் பி ஃப்ளாட் கருவி. தாளில் ஸி என்று இருப்பதை வாசித்தால் பி ஃப்ளாட் கேட்கும். ஆகவே கிளாரினெட்காரருக்கு எல்லாச் சுரத்தையும் ஒரு முழுச் சுரம் ஏற்றி எழுதவேண்டும். நம் டி மேஜர் அவர் தாளில் ஈ மேஜர், நான்கு ஷார்ப். பாட்டு மெதுவானது என்பதால் சமாளித்துவிடுவார். டிரம்பெட்டுக்கும் இதே கணக்கு. ஆல்டோ சாக்ஸபோன் என்றால் நாம் ஸி கேட்க, அவர் தாளில் ஏ இருக்கவேண்டும்.

நான் முதன்முதலில் எழுதியபோது இது தெரியாமல், வயலின் தாளையே ஜெராக்ஸ் எடுத்துக் கிளாரினெட்காரரிடம் நீட்டினேன். ஒத்திகையில் முதல் பாரிலேயே தாலாட்டு சண்டையாகிவிட்டது. அவர் பொறுமையாக வாத்தியத்தை மடியில் வைத்து, "அண்ணே, எனக்கு வேற தாள் வேணும்" என்றார்.

படி 4: மூன்று சரணத்துக்கும் மூன்று முகம் கொடுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும்.

முதல் சரணம்: ஒரு வயலின் மட்டும் மெட்டை வாசிக்கட்டும். கீபோர்டில் அந்தப் பழைய கிட்டார். கார்டை மொத்தமாக அமுக்காமல், ஒரு பாருக்கு ஆறு சுரமாக உடைத்து வாசிக்கவேண்டும். மற்ற மூவரும் சும்மா இருப்பார்கள். சும்மா இருக்கச் சொன்னால் சிலருக்கு முகம் வாடும், அதற்காக மனம் இளகாதீர்கள். எல்லோரும் தொடக்கத்திலேயே வாசித்துவிட்டால் பிறகு சேர்ப்பதற்கு ஆளே இருக்காது.

இரண்டாம் சரணம்: மெட்டு கிளாரினெட்டுக்கு, கீழ் ஸ்தாயியில். வயலின்கள் இரண்டும் பாருக்கு ஒரு சுரமாக, மிக மெதுவாக, மேலே நீட்டிப் பிடிக்கட்டும். கீபோர்டு இடது கையில் பாஸ் மட்டும்.

மூன்றாம் சரணம்: முதல் வயலினில் மெட்டு, இரண்டாம் வயலின் அதற்குக் கீழே மூன்றாம் அல்லது ஆறாம் சுர இடைவெளியில் கூடவே வரட்டும். மேலே ஃப்ளூட் புதிதாக ஒரு துணை மெட்டு வாசிக்கும். துணை மெட்டு எழுத ஒரே விதிதான்: மெட்டு நிற்கும்போது நகருங்கள், மெட்டு நகரும்போது நில்லுங்கள். மூன்றாவது பாரைப் பாருங்கள். மெட்டு ஈ-யிலிருந்து ஸி ஷார்ப்புக்கு இறங்கி அங்கே நிற்கிறது. அந்த இடைவெளியில் ஃப்ளூட் ஏ, ஜி, ஈ என்று இறங்கி, அடுத்த பாரில் எஃப் ஷார்ப்பில் போய் நிற்கலாம். இப்படி நான்கைந்து இடம் போதும். பார் தவறாமல் ஃப்ளூட் பறந்துகொண்டிருந்தால் மெட்டு அடியில் புதைந்துவிடும்.

கடைசிச் சரணத்தில் ஒரு சுரம் ஏற்றி வாசிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்கும்போது நெஞ்சு நிமிரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாலாட்டுக்கு நிமிர்வு எதற்கு? தவிர, டி-யை ஈ ஆக்கினால் கிளாரினெட் தாளில் ஆறு ஷார்ப் வரும். அவர் முகத்தில் நீங்கள் முழிக்கவேண்டும்.

முடிவை நீட்டவும் குறுக்கவும் வசதி வையுங்கள். காணிக்கைப் பை பின்வரிசையிலிருந்து திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கடைசி நான்கு பாரைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்படி குறித்து, கீபோர்டுக்காரர் தலையசைத்ததும் முடிக்கச் சொல்லுங்கள்.

படி 5: கார்டுகளில் கைவைப்பது

இந்தப் பாட்டுக்கு டி, ஜி, ஏ செவன்த் மூன்றே போதும். முதல் முயற்சியில் புது கார்டு தேட வேண்டாம். நம் கீர்த்தனைகளை எடுத்தால் இன்னும் கவனம் தேவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிற அந்த மரபில் மெட்டு ராகத்தில் நிற்கிறது. அடியில் கார்டை மாற்றி மாற்றிப் போட்டால் கமகம் நசுங்கிவிடும். ஷட்ஜமும் பஞ்சமமுமாகச் சுருதியைப் பிடித்து, மெட்டை வயலினிடம் விட்டுவிடுங்கள்.

படி 6: தேசபக்திப் பாடல் என்றால்

பள்ளி ஆண்டுவிழாவுக்கோ குடியரசு தினத்துக்கோ கேட்பார்கள். முதலில் ஒன்று: 'ஜன கண மன'வில் உங்கள் கைவண்ணம் வேண்டாம். அதை ஏறக்குறைய 52 விநாடியில், உள்ளபடி வாசிக்கவேண்டும். இன்ட்ரோ, இன்டர்லூட், கடைசியில் ஏற்றம் எதுவும் கூடாது.

மற்றவற்றில் தாராளமாக வேலை செய்யலாம். இக்பால் 1904-இல் எழுதிய 'சாரே ஜஹான் சே அச்சா'வுக்கு இன்று எல்லோரும் பாடும் மெட்டு ரவிசங்கர் அமைத்தது. அதே மெட்டு ராணுவ பாண்டுகளில் குவிக் மார்ச். மார்ச்சின் அடிப்படை எளிது: ஒன்றாவது தட்டில் பாஸ், இரண்டாவதில் கார்டு, மேலே மெட்டு. ஆனால் எல்லாத் தேசபக்தியும் நடைபோட வேண்டியதில்லை. டெல்லி பீட்டிங் ரிட்ரீட்டில் 2021 வரை 'அபைட் வித் மீ' என்ற பாமாலையை வாசித்தார்கள்; டிரம் அதிரும் நிகழ்ச்சியில் அத்தனை பேரையும் அசையாமல் நிறுத்திய இசை அது. 2022-இல் நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய பதிவுகளைத் தேடிக் கேளுங்கள், மெதுவான மெட்டைப் பாண்டு எப்படி வாசிக்கவேண்டும் என்பதற்குப் பாடம்.

படி 7: உரிமையைச் சரிபாருங்கள்

இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. குருபர் மெட்டு எப்போதோ பொதுச்சொத்து. ஆனால் அதை வேறொருவர் சமீபத்தில் அரேஞ்ச் செய்திருந்தால், அந்த அரேஞ்ச்மென்ட் அவருடையது, தரவிறக்கி வாசிக்காதீர்கள். பாரதி பாட்டு எல்லோருக்கும் சொந்தம்தானே என்பீர்கள். சொல் சொந்தம். வாத்தியத்தில் சொல்லே இல்லை. நீங்கள் எடுப்பது யாரோ ஒரு திரைப்பட இசையமைப்பாளரின் மெட்டாக இருக்கலாம். வழிபாட்டில் வாசிப்பதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. மறுநாள் யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம்.

படி 8: தாளும் ஒத்திகையும்

மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் எழுதினால், ஒவ்வொருவருக்குமான தாளைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும், கிளாரினெட்டுக்கு மாற்றியும் கொடுக்கும். அது வாசித்துக் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். கணினிக்கு மூச்சு வாங்காது. நான்கு பாருக்கு ஒருமுறை எண் போடுங்கள், "அந்த மேல போற இடம்" என்று தேடுவதில் பாதி ஒத்திகை போய்விடாது. தாள் திருப்ப வேண்டிய இடத்தில் வாசிப்பவருக்கு ஓய்வு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் ஒத்திகையில் கட்டாயம் ஏதாவது மாற்றுவீர்கள். எல்லோரையும் பென்சில் கொண்டுவரச் சொல்லுங்கள். பேனா வேண்டாம்.