பாடம்: அனுமனும் மாவீரனும்

இளைஞர்களே, 'மாவீரன்' (2023) படம் பார்த்திருப்பீங்க. அதில் சத்யா பயந்த சுபாவமுள்ள கார்ட்டூன் ஓவியன். காதில் கேட்கும் ஒரு குரல்தான் அவனை வீரனாக்கப் பார்க்கும். அனுமனுக்கும் அவர் பலத்தை ஜாம்பவான்தான் ஞாபகப்படுத்தினார்.

ஆனா கடலைத் தாண்டிய அனுமன், உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான் இலங்கைக்குள் நுழைந்தார். முதலில் தேடினார், சீதையைக் கண்டார், கணையாழியைக் கொடுத்தார். சண்டை அப்புறம்தான். உதவும் ஆசை மட்டும் போதாது, நிதானமும் வேணும்.

நம்ம கியா பார்ம் ரோட்டில் மழைக்கு மண் சரிந்தால்? ஹீரோ மாதிரி உள்ளே ஓடாதீங்க. மறுபடியும் சரிந்தால், காப்பாத்தப் போனவரே புதைஞ்சிடலாம். தள்ளி நின்று 999க்குக் கூப்பிட்டு இடத்தைத் தெளிவா சொல்லுங்க. இரு பக்கமும் வண்டிகளை நிறுத்துங்க.

சிந்திக்க: உங்க குழுவில் முதலுதவி தெரிந்தவர் எத்தனை பேர்?