வானிலிருந்து விமானத்தை அடையாளம் காணல்

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரை ஒட்டி டேவிஸ்-மாந்தன் என்னும் விமானப்படைத் தளம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1946 முதல், வேலை முடிந்த படை விமானங்களை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, மண்ணோ கல்போல் இறுகியது. ஆகையால் சிமெண்டுத் தளம் போடாமலே கனமான விமானங்களையும் வெறுந்தரையில் நிறுத்தி வைக்க முடிகிறது. சுமார் 2,600 ஏக்கர் பரப்பில் அவை வரிசை வரிசையாக நிற்பதை, நம் கல்லூரிக் கணிப்பொறி அறையில் உட்கார்ந்தபடியே கூகுள் எர்த் படங்களில் காணலாம். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. நான் மட்டும் சென்ற ஆண்டு முதல் அவற்றை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

தொடக்கத்தில் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வரிசையில் நின்ற விமானங்களை எண்ணி, 'இவை அனைத்தும் பி-52 குண்டுவீச்சு விமானங்கள்' என்று வகுப்பில் பெருமையாக அறிவித்தேன். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள், இறக்கைக்கு இரண்டாக நான்கு எஞ்சின்கள். வேறு என்ன வேண்டும்? எங்கள் இயற்பியல் பேராசிரியர் படத்தைப் பார்த்தார். "தம்பி, இறக்கை எத்தனை மீட்டர்?" என்று ஒரே கேள்வி கேட்டார். நான் அளக்கவே இல்லை.

பி-52இன் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 56.4 மீட்டர். அதற்கு எட்டு எஞ்சின்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு கூடுகளில் வைத்திருப்பதால், தெளிவற்ற படத்தில் நான்கு எஞ்சின்போல் தோன்றும். கேசி-135 என்பது பிற விமானங்களுக்கு வானத்திலேயே எரிபொருள் கொடுக்கும் விமானம். அதற்கு உண்மையிலேயே நான்கு எஞ்சின்கள்தாம். இறக்கை நீளம் 39.9 மீட்டர். என் வரிசையை அளவுகோல் கருவியால் அளந்தபோது நாற்பதைத் தாண்டவில்லை. பெட்ரோல் வண்டியைப் போர்விமானம் என்று சொல்லிவிட்டேன்!

கண் ஏமாறும், அளவு அவ்வளவு எளிதில் ஏமாறாது. ஆனால் அளப்பதற்குப் படம் இடம் கொடுக்க வேண்டும். 1972இல் செலுத்தப்பட்ட முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய 80 மீட்டர். பி-52 முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். 1999இல் சென்ற இகோனாஸ் ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கி வந்தது. 2014இல் சென்ற வேர்ல்டுவியூ-3க்கு ஒரு புள்ளி 31 சென்டிமீட்டர். அதாவது பி-52இன் இறக்கை இப்போது சுமார் 180 புள்ளிகள்.

இறக்கையை அளந்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பி-52இலேயே பல வகைகள். பழைய 'டி' வகைக்கும் பின்னர் வந்த 'ஜி' வகைக்கும் இறக்கை நீளம் ஒன்றே. வால் துடுப்பு மட்டும் வேறு: தரையிலிருந்து 'டி'யின் வால் உச்சி 14.7 மீட்டர், 'ஜி'யினுடையது 12.4 மீட்டர். நேர் மேலிருந்து பார்க்கும் படத்தில் உயரம் எப்படித் தெரியும்?

இங்கேதான் நிழல் கைகொடுக்கிறது. சூரியனின் உயரக்கோணம் தெரிந்தால், நிழலின் நீளத்தை அக்கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்க, உயரம் கிடைத்துவிடும். பள்ளியில் கொடிக்கம்பத்துக்குப் போட்ட அதே கணக்கு. கோணம் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஒரே படத்தில் இரண்டு விமானங்கள் இருந்தால், இரண்டுக்கும் ஒரே சூரியன். நிழல்களின் விகிதமே உயரங்களின் விகிதம். 14.7ஐ 12.4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.19. அந்தத் தளத்தின் அருகிலேயே உள்ள பீமா விமான அருங்காட்சியகத்தில் 'டி' ஒன்றும் 'ஜி' ஒன்றும் திறந்த வெளியில் நிற்கின்றன. அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட அந்த விகிதமே வந்தது. அன்று மதியம் சாப்பிட மறந்துபோனேன். (வால் நிழலை உடலிலிருந்து அளக்கக் கூடாது, வால் உச்சிக்கு நேர்கீழே உள்ள தரைப் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். இரண்டு முறை தவறவிட்டபின் கற்றது.)

பழைய ஆண்டுகளின் படங்களைத் திருப்பிப் பார்த்தபோது, அந்தத் தளத்தின் ஓரத்தில் பி-52கள் துண்டு துண்டாகக் கிடப்பதைக் கண்டேன். அதைக் கைப்பேசியில் பதிந்து வீட்டில் காட்டினேன். என் தந்தை பழைய லாரிகளை உடைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, வெட்டினவன் அள்ளாம ஏன் இப்படிப் பரப்பி வச்சிருக்கான்? வெட்டுனா அன்னைக்கே எடைக்குப் போட்டுரணுமே" என்றார்.

நான் கவனிக்காததை அவர் ஒரே பார்வையில் கண்டுவிட்டார். விடை தேடியபோதுதான் விவரம் தெரிந்தது. 1991 ஜூலை 31இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் 'ஸ்டார்ட்' என்னும் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1994 டிசம்பர் 5இல் அது நடப்புக்கு வந்தது. அதற்கிணங்க 365 பி-52கள் அழிக்கப்பட வேண்டியிருந்தன. கிரேனில் உயரத் தூக்கிய கனத்த எஃகுக் கத்தியை விமானத்தின்மீது விழவிட்டு வெட்டினார்கள். வால் ஒன்று, இறக்கைகள் இரண்டு, உடல் இரண்டு என ஐந்து துண்டுகள். அவற்றை 90 நாட்கள் அப்படியே திறந்த வெளியில் கிடத்தி வைக்க வேண்டும். எதிர்த் தரப்பின் செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்து உறுதி செய்துகொள்ளும். ஒருவர் செயற்கைக்கோளின் பார்வையை மற்றவர் தடுக்கலாகாது என்பது 1972 ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட விதி.

இரு நாடுகளும் ஒன்றின் வாய்ச்சொல்லை மற்றது நம்பவில்லை. வெட்டுண்ட அலுமினியத்தை நம்பின. நான் பொழுதுபோக்காக அளந்துகொண்டிருந்ததை, அணுகுண்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு அரசுகள் அளந்திருக்கின்றன. அங்கே என்னைப்போல் ஒருவர் கேசி-135ஐ பி-52 என்று எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

2011இல் நடப்புக்கு வந்த அடுத்த ஒப்பந்தத்தின்படி, எஞ்சியிருந்த 39 'ஜி' வகை விமானங்களில் கடைசியானது 2013 டிசம்பரில் வெட்டப்பட்டது. 2023இல் ரஷ்யா அந்த ஒப்பந்தத்தில் தன் பங்கேற்பை நிறுத்தி வைத்தது.

இவற்றையெல்லாம் தந்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"தொண்ணூறு நாளா? யாரும் தூக்கிட்டுப் போகலியா?"

"படைத்தளம் அப்பா, காவல் இருக்கும்."

"அது சரி. கிலோ என்ன விலைக்குப் போச்சுன்னு எங்கயாச்சும் போட்டிருக்கானா, பாரு" என்றார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.