வெளிநாட்டுக் காசு வீட்டுக்கு வருகிறது: யோசனையை யாரிடம் கேட்பது?

குடும்ப வரவு செலவுப் பாடம்



இன்று மலையகத்தில் பல லயங்களில் யாராவது ஒருவர் வெளியில் உழைக்கிறார். அம்மா சவூதியிலோ குவைத்திலோ வீட்டு வேலை செய்கிறார். மகன் கட்டாரிலோ டுபாயிலோ கட்டட வேலை செய்கிறார். வீட்டில் இருப்பவர் பெரட்டுக்குப் போய், கொழுந்து எடுத்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து வருகிற காசையும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காசு வந்தால் அதன் பின்னாலேயே யோசனை சொல்கிறவர்களும் வருவார்கள். "இதுல போடுங்க, அதுல போடுங்க, சீட்டு சேருங்க, காப்புறுதி எடுங்க" என்று வாசலுக்கே வந்து சொல்வார்கள். அவர்களில் நல்லவரும் உண்டு. ஆனால் இரண்டு வருடம் பாலைவன வெயிலில் உழைத்த காசு, ஒரே ஒரு கையெழுத்தில் போய்விடவும் கூடும். ஆகவே, காசை எங்கே போடுவது என்பதற்கு முன்னால், யோசனையை யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதுவே இந்தப் பாடம்.

1. பிறர் நாட்டிலும் இதே கதைதான்

குடும்பத்தில் ஒருவர் தூரத்தில் இருப்பதும், மாதா மாதம் நிச்சயமாகச் சம்பளம் வருவதும் இராணுவக் குடும்பங்களுக்கும் உள்ள நிலைமைதான். அமெரிக்காவில் இராணுவ முகாம்களைச் சுற்றிக் கடன் கடைகள் முளைத்தன. சிப்பாய்க்குச் சம்பளம் தவறாது என்று கடன்காரனுக்குத் தெரியும். புருஷன் தூரத்தில், மனைவி தனியாக முடிவெடுக்க வேண்டும் என்பதும் தெரியும். வட்டி அளவுக்கு மிஞ்சிப் போனதால், 2006-இல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி இராணுவத்தில் சேவையில் இருப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் கொடுக்கும் கடனுக்கு, வருடம் நூற்றுக்கு 36-க்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. முகாம்களுக்குள்ளேயே காசு வாங்காமல் பண ஆலோசனை சொல்லும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள்.

நம்முடைய தோட்டங்களிலும் சம்பள நாளில் யார் யார் வாசலில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நிச்சயமான வருமானம் எங்கே இருக்கிறதோ, அங்கே கடன்காரனும் தரகரும் வருவார்கள்.

2. நம் வாழ்க்கை தெரிந்தவரா?

நல்ல ஆலோசகர் முதலில் பேசமாட்டார், கேட்பார். கீழே உள்ள கேள்விகளை அவராகவே கேட்கிறாரா என்று கவனியுங்கள்.

(அ) "ஒப்பந்தம் எத்தனை மாதம்? எப்போது முடிகிறது?" வெளிநாட்டு வேலை பென்சன் வரை போகும் வேலை அல்ல. இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவரைப் பத்து வருடம் தவணை கட்டும் திட்டத்தில் சேர்த்துவிட்டால், மிச்சம் எட்டு வருடமும் கொழுந்துச் சம்பளத்தில் கட்ட முடியுமா? ஆயுள் காப்புறுதியைத் தொடக்கத்திலேயே நிறுத்தினால் கட்டிய காசு முழுதாகத் திரும்பி வராது. இதை முதலிலேயே சொல்கிறவரே நல்லவர்.

(ஆ) "போகும்போது யாரிடம் கடன் வாங்கினீர்கள்? நகை அடகில் இருக்கிறதா?" அடகுக் கடையில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, வேறு இடத்தில் குறைந்த வட்டிக்குக் காசு சேமிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. முதலில் கடனை அடையுங்கள் என்று சொல்கிறவருக்குத் தரகுக் காசு ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் சொல்கிறார் என்றால், அவர் உங்களுக்காகப் பேசுகிறார்.

(இ) "வீட்டுக்கு உறுதி இருக்கிறதா?" லயத்துக் காம்பராவிலும், உறுதி இன்னும் கைக்கு வராத வீட்டிலும் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அதைக் கேட்காமலே "வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுக்கலாம்" என்று சொல்கிறவருக்குத் தோட்டம் தெரியாது.

(ஈ) "ஊழியர் சேமலாப நிதியில் எவ்வளவு இருக்கிறது?" சட்டப்படி தொழிலாளியின் பங்கு குறைந்தது நூற்றுக்கு 8, தொழில் கொடுப்பவரின் பங்கு குறைந்தது 12. இதோடு ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் கொடுப்பவர் மட்டும் 3 கட்டுகிறார். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். "வெளிநாடு போறீங்கதானே, ஈ.பி.எஃப். காசை முழுசா எடுத்துத் தாறேன்" என்று சொல்லும் தரகரை நம்ப வேண்டாம். நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடியேறப் போகிறவர்களுக்குத்தான் அந்தக் காரணம் பொருந்தும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய்த் திரும்புகிறவருக்கு அல்ல.

(உ) "தூரத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார்?" உழைக்கிறவருக்குத் தெரியாமல் முடிவெடுக்கச் சொல்கிறவர் குடும்பத்துக்குள் சண்டையை விதைக்கிறார்.

3. அவருக்குக் காசு யார் கொடுக்கிறார்?

இதைக் கேட்க வெட்கப்படக் கூடாது. "இந்த யோசனையால உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று நேராகவே கேளுங்கள். காப்புறுதி முகவருக்கும் வைப்புச் சேர்க்கும் முகவருக்கும் கம்பனி தரகு கொடுக்கிறது. தரகு வாங்குவது குற்றமில்லை. ஆனால் தரகு வாங்குகிறவர் தன் கம்பனிப் பொருளைத்தான் சொல்வார். சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவரிடம் போய், "இன்றைக்குக் கத்தரிக்காய் வாங்கலாமா?" என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்?

தோட்டத்தில் நாம் வழக்கமாக யோசனை கேட்பது தலைவரிடம், கணக்கப்பிள்ளையிடம், கடை முதலாளியிடம், படித்த உறவுக்காரரிடம். அவர்களையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். கடை முதலாளிக்கு நாம் கடன் பாக்கி வைத்திருந்தால் அவர் யோசனையில் அந்தப் பாக்கியும் கலந்திருக்கும். உறவுக்காரர் தானே சேர்ந்த திட்டத்தில் நம்மையும் சேர்க்கப் பார்த்தால், நாம் சேர்வதால் அவருக்கு ஏதாவது வருமா என்று கேட்க வேண்டும். மரியாதை வேறு, காசு விஷயம் வேறு.

இப்படி ஒரு பேச்சை வைத்துக்கொள்வோம்.

முகவர்: அக்கா, அண்ணன் கட்டார்ல இருந்து மாசாமாசம் அனுப்புறாராமே. பேங்க்ல போட்டு என்ன பிரயோசனம்? எங்க கம்பனியில போட்டா மாசம் நூத்துக்குப் பத்து.

அக்கா: காசு வாங்கி வைக்க மத்திய வங்கி லைசன் இருக்கா தம்பி?

முகவர்: பதிவு செஞ்ச கம்பனிதான் அக்கா. இந்தா பாருங்க சேட்டிபிக்கட்.

அக்கா: கம்பனி பதிவு வேற, வைப்பு வாங்குற லைசன் வேறதானே?

முகவர்: இன்னைக்குச் சேர்ந்தாத்தான் இந்த வட்டி. நாளைக்குக் கிடைக்காது அக்கா.

அக்கா: வெள்ளிக்கிழமை அவர் போன் எடுப்பார். பேசிட்டுச் சொல்றேன். அது சரி, நான் சேர்ந்தா உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் தம்பி?

இந்த அக்கா கேட்டது மூன்றே கேள்விகள். உரிமம் இருக்கிறதா? வீட்டுக்காரரோடு பேச நேரம் தருவீர்களா? உங்களுக்கு என்ன கிடைக்கும்? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் கதவைச் சாத்திவிடலாம்.

4. கணக்குப் போட்டுப் பாருங்கள்

மாதம் நூற்றுக்கு 10 என்றால் வருடத்துக்கு நூற்றுக்கு 120. ஒரு லட்சம் போட்டால் வருடத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் வட்டி. இவ்வளவு கொடுக்க அந்தக் கம்பனி அதைவிட அதிகமாக எதில் உழைக்கும்? பெரும்பாலும் பின்னால் சேருகிறவரின் காசைத்தான் முன்னால் சேர்ந்தவருக்கு வட்டியாகக் கொடுப்பார்கள். சேர ஆள் இல்லாத நாளில் எல்லாம் நின்றுவிடும்.

ஆள் சேர்க்கும் திட்டமும் அப்படித்தான். ஒருவர் 5 பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஐவரும் ஆளுக்கு 5 பேரைச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். 5, 25, 125, 625 என்று போய், பத்தாவது படியில் 97 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வேண்டும். பதினோராவது படிக்கு 4 கோடி 88 லட்சம் பேர் வேண்டும். இலங்கையின் மொத்தச் சனத்தொகையே இரண்டு கோடி சொச்சம்தான். கடைசியில் சேர்ந்தவர் காசு போனதுதான். இப்படிப்பட்ட பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தின் கீழ் குற்றம். நடத்துகிறவர் மட்டுமல்ல, ஆள் சேர்த்துக் கொடுக்கிறவரும் மாட்டிக்கொள்வார்.

இனிக் கடன் கணக்கு. 60,000 ரூபாய் கடன், வாரம் 1,500 வீதம் 52 வாரம் கட்ட வேண்டும் என்கிறார்கள். மொத்தம் 78,000. "நூற்றுக்கு 30தானே வட்டி" என்பார்கள். ஆனால் நாம் ஒவ்வொரு வாரமும் முதலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறோம். வருடம் முழுவதும் 60,000 நம் கையில் இல்லை. சரியாகக் கணக்குப் பார்த்தால் வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 54 அளவில் வருகிறது. இந்தக் கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொல்கிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

5. காசு எங்கே பத்திரம்?

பொதுமக்களிடம் வைப்பு வாங்க மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. 2008-இல் வீழ்ந்த கோல்டன் கீ என்ற கடன் அட்டைக் கம்பனிக்கு அந்த உரிமம் இருக்கவில்லை. படித்தவர்கள், பணக்காரர்கள் கூட வட்டியைப் பார்த்துக் காசைப் போட்டு நடுத்தெருவில் நின்றார்கள்.

உரிமம் உள்ள இடமும் சில வேளை வீழும். 2020-இல் த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி ரத்துச் செய்தது. ஆனால் அங்கே ஒரு பாதுகாப்பு இருந்தது. 2010-இல் வைப்புக் காப்புறுதித் திட்டம் தொடங்கியது. 2021-இல் இருந்து அதன் உச்ச அளவு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபாய். உரிமம் இல்லாத இடத்தில் போட்ட காசுக்கு இந்தக் காப்பு ஒரு சதம் கூடக் கிடையாது. தேசிய சேமிப்பு வங்கியில் உள்ள வைப்புக்கு அரசாங்கமே முழு உத்தரவாதம் தருகிறது.

உழைக்கிறவர் பேரில் ஒரு கணக்கு, வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு என்று இரண்டாக வைப்பது நல்லது. வருகிறபோதே பிரித்துப் போட்டால், திரும்பி வருகிற நாளில் அவர் பேரில் ஏதாவது இருக்கும்.

6. கையெழுத்து வைக்கும் முன்

வெளியில் இருப்பவர், தன் காரியங்களைப் பார்க்க வீட்டில் உள்ள ஒருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பதுண்டு. இதை அற்றோணித் தத்துவம் என்பார்கள். ஜனங்கள் "பவர் எழுதிக் கொடுக்கிறது" என்பார்கள். எல்லாக் காரியத்துக்கும் சேர்த்துப் பொதுவாக எழுதாமல், எந்தக் காரியத்துக்கு, எந்தத் திகதி வரை என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். யோசனை சொல்ல வந்த தரகர் தன் பேருக்கே பவர் கேட்டால் ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ உள்ள பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காசு கொடுத்தால் அப்போதே பற்றுச்சீட்டு வாங்குங்கள். அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

7. காசு கொடுக்காமல் யோசனை கேட்க

பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்று ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். ஒப்பந்தம், காப்புறுதி, முகவர் பற்றிய சந்தேகங்களை அவரிடம் கேட்கலாம். சேமலாப நிதி விஷயத்துக்குத் தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயம் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது. ஒரு கம்பனிக்கு உரிமம் உண்டா இல்லையா என்று 1935 என்ற இலக்கத்தில் மத்திய வங்கியிடமே கேட்கலாம். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கேட்டால் எந்தக் காரியாலயத்துக்குப் போவது என்று வழி சொல்வார்.

ஒரே ஆளின் பேச்சில் முடிவெடுக்காமல், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பேரிடமாவது கேளுங்கள்.

பயிற்சி (வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்யவும்)

1. 40,000 ரூபாய் கடனுக்கு வாரம் 1,000 வீதம் 52 வாரம் கட்டினால், வட்டி எத்தனை ரூபாய்? (விடை: 12,000)

2. ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை மாதம்? அதற்குள் அடைக்க வேண்டிய கடன் எவ்வளவு? ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

3. கடைசியாக உங்களுக்குப் பண யோசனை சொன்னவர் யார்? அதனால் அவருக்கு என்ன கிடைத்தது?

4. சேமலாப நிதியில் உங்கள் பின்னுரித்தாளராக யார் பேர் இருக்கிறது? கலியாணத்துக்கு முன் எழுதியதா, பின் எழுதியதா?

எழுதிய கொப்பியை அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வெளிநாட்டில் இருப்பவரோடு போனில் பேசும்போதும் இந்தக் கேள்விகளை வாசித்துக் காட்டுங்கள். பதிலில் பாதி அவரிடம்தான் இருக்கும்.