காணவில்லையா? இல்லையா?

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டம் இருக்கிறது. அதன் நடுவே டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம். பரப்பு ஏறத்தாழ 954 சதுர கிலோமீட்டர். 1951 முதல் தேசியப் பூங்கா. மரங்கள் குறைவு. புல்லும் புதரும், கால் வைத்தால் உள்ளிழுக்கும் சதுப்பும், குன்றுகளின் தலையில் யாரோ அடுக்கி வைத்தாற்போன்ற கருங்கற் பாறைகளும்தாம் அங்கே மிகுதி. பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறிந்த கதைகளுள் பாஸ்கர்வில் வேட்டைநாயின் கதை நடக்குமிடம் இதுதான் என்றால், அக்கதையைப் படித்த நண்பர்களுக்கு இடத்தின் தன்மை விளங்கிவிடும்.

இம்மேட்டுநிலத்தின் வடபகுதியில் கிரான்மியர் குளம் என்றோர் இடம் உண்டு. அந்நாளில் அங்கே நடந்து சென்று மீள்வதே ஒரு சாதனை. 1854 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி அங்கே ஒரு பாட்டிலை வைத்தார். வந்து சேர்ந்தவர்கள் தம் பெயர் அச்சிட்ட அட்டையை அதில் இட்டுச் சென்றார்கள். காலப்போக்கில் பாட்டில் போய்த் தகரப்பெட்டி வந்தது. பெயரெழுத ஒரு நோட்டும், ரப்பர் முத்திரையும் சேர்ந்தன. வந்தவர் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவார். அடுத்து வருபவர் அதை எடுத்துச் சென்று ஊரில் தபாலில் சேர்ப்பார். ‘லெட்டர்பாக்ஸ்’ என்ற பெயர் இதனால் வந்தது. 1937 இல் கிரான்மியரில் நிலையான கற்பெட்டி கட்டப்பட்டது. டார்ட்மூரைப் பற்றி நூல்கள் எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக 1938 இல் டக்ஸ் குளத்தில் மற்றொன்று வைக்கப்பட்டது. 1970களுக்குப் பிறகு இது பெரும் பொழுதுபோக்காக வளர்ந்து, பெட்டிகள் பெருகின. நூறு பெட்டிகளைக் கண்டவர்களுக்கென ஒரு சங்கமும், பெட்டிகளின் பட்டியலும் ஏற்பட்டன. 1998 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘ஸ்மித்சோனியன்’ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தபின் அந்நாட்டிலும் இது பரவிற்று.

ஆட்டத்தின் முறை எளிது. ஒருவர் சிறு பெட்டியொன்றை மக்கள் நடமாடும் வெளியில், கண்ணில் படாதவாறு மறைத்து வைக்கிறார். அதனுள் ஒரு முத்திரையும் ஒரு பதிவேடும் இருக்கும். முத்திரையைப் பெரும்பாலும் வைப்பவரே ரப்பரில் செதுக்குகிறார். இடத்தை அறியக் குறிப்புகள் எழுதி வெளியிடுகிறார். தேடி வருபவர் தம்முடைய முத்திரையைப் பெட்டியிலுள்ள பதிவேட்டில் பதித்து, பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொண்டு, இருந்தது இருந்தபடி மூடி வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு கிடையாது. ஒரு முத்திரைப் பதிவுக்காகப் பத்து மைல் நடப்பதா என்று கேட்டால், அவர்கள் சிரித்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார்கள்.

நான் இப்பொழுதுபோக்கின்மேல் அக்கறை கொண்டதற்கு முத்திரைகள் காரணமல்ல. பெட்டி கிடைக்காதபோது இவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு என் சொந்தப் பிழையொன்று காரணம்.

முன்பொரு சமயம் நூலகம் ஒன்றில் தர்க்கநூல் ஒன்று வேண்டியிருந்தது. அட்டவணையில் அதன் பெயர் இருந்தது. தட்டில் நூல் இல்லை. நானே உள்ளே சென்று கால்மணி நேரம் தேடினேன். பிறகு குறைகள் எழுதும் நோட்டில், ‘இந்நூல் காணாமற் போய்விட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆண்டிறுதிக் கணக்கெடுப்பின்போது என்னுடைய அந்த ஒரு வரியை ஆதாரமாகக் கொண்டு, உதவியாளராக இருந்த பெரியவரின் சம்பளத்தில் நூலின் விலையைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்து அந்நூல், பக்கத்துத் தட்டில் தடித்த அகராதிகளுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அவரே தூசு தட்டி எடுத்து வந்து, “தம்பி, நீங்க கேட்ட புத்தகம்” என்று என் கையில் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. ‘நான் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை’ என்றல்லவா நான் எழுதியிருக்க வேண்டும்!

பெட்டி தேடுவோர் இந்த வேறுபாட்டில் கண்டிப்பானவர்கள். பெட்டி கைக்கு அகப்படாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தன்னைத்தான் என்பது அவர்களிடையே எழுதப்படாத சட்டம். சந்தேகத்துக்குக் காரணங்களும் நிறைய உண்டு.

முதலாவது, தப்படி. ‘பாறையிலிருந்து முப்பது தப்படி’ என்று குறிப்புச் சொல்கிறது. யாருடைய தப்படி? நெடியவர் ஒருவர் வைத்ததைக் குள்ளமானவர் தேடினால் ஐந்தாறு அடி முன்னதாகவே நின்றுவிடுவார். போதாக்குறைக்கு, ஒரு கால் வைப்பதை ஒரு தப்படி என்று எண்ணுவோரும், இரண்டு கால்களும் வைத்து முடிவதை ஒன்று என எண்ணுவோரும் இவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆகவே முப்பதில் கிடைக்காதது அறுபதில் கிடைக்கலாம்.

இரண்டாவது, திசை. இதுதான் எனக்கு மிகவும் சுவையாகப்பட்ட பகுதி. டார்ட்மூர்க் குறிப்புகள் பெரும்பாலும் திசைகாட்டியை நம்பி எழுதப்படுகின்றன. பெட்டி இருக்குமிடத்தில் நின்று பார்த்தால் இன்ன குன்று இத்தனை பாகையில், இன்ன தேவாலயக் கோபுரம் இத்தனை பாகையில் என்று இரண்டு மூன்று அளவுகள் தரப்படும். அவை சந்திக்குமிடத்தைத் தேடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் காந்தமுள் காட்டும் வடக்கும் நிலவுருண்டையின் உண்மை வடக்கும் ஒன்றல்ல என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவற்றுக்கு இடைப்பட்ட கோணம் இடத்துக்கு இடம் மாறும்; ஒரே இடத்திலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1980களில் தென்மேற்கு இங்கிலாந்தில் காந்தமுள் உண்மை வடக்கிலிருந்து பல பாகை மேற்கே சாய்ந்திருந்தது. அச்சாய்வு ஆண்டுதோறும் குறைந்துவந்து, 2022 நவம்பரில் உண்மை வடக்கு, நிலப்படக் கட்டங்களின் வடக்கு, காந்த வடக்கு ஆகிய மூன்றும் டார்செட் கரையிலுள்ள லாங்டன் மாட்ராவர்ஸ் என்னும் சிற்றூரில் ஒரே கோட்டில் வந்து சேர்ந்தன. இதனால் விளைவதென்ன? முள் காட்டியதை அப்படியே எழுதிவைத்த பழைய குறிப்பொன்றை இன்று பின்பற்றுபவர், வைத்தவர் நின்ற இடத்துக்குப் போய்ச் சேரமாட்டார். எட்டுப் பாகை பிழைத்தால் நூறு மீட்டர் தொலைவில் பதினான்கு மீட்டர் விலகிவிடும். பாறைகள் நிறைந்த சரிவில் பதினான்கு மீட்டர் என்றால் இடையில் எத்தனை பொந்துகள்! பெட்டி அசையவில்லை, குறிப்பும் மாறவில்லை, பூமியின் காந்தம் நகர்ந்துவிட்டது. இதைப் பெட்டியின் குற்றமென்று சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் இச்சிக்கல் வேறு வகையானது. வடகிழக்கிலுள்ள மெய்ன் மாநிலத்தில் முள் பத்துப் பாகைக்கு மேல் மேற்கே விலகும். வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் அதே அளவுக்குக் கிழக்கே விலகும். எழுதியவர் திருத்தம் செய்து எழுதினாரா, செய்யாமல் எழுதினாரா என்று தெரியாவிட்டால் இரண்டு விதமாகவும் நடந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது, அடையாளங்கள். ‘இரட்டை மரத்தின் தென்புறம்’ என்பது குறிப்பு. புயலில் ஒரு மரம் விழுந்துவிட்டது. அப்போது தேடுபவர் விழுந்து மட்கிய அடிமரத்தையும் பார்க்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னே வந்தவர் எடுத்த இடத்திலேயே வைத்தாரா என்ற கேள்வி இருக்கிறது. அவசரத்தில் பக்கத்துப் பொந்தில் வைத்தவர்கள் உண்டு. எளிதில் தெரிகிறதே என்று தாமாகவே நல்லெண்ணத்தோடு ஆழமாக மறைத்தவர்களும் உண்டு. எனவே குறித்த இடத்தில் இல்லையென்றால் சுற்றிச் சில அடி தூரத்துக்குப் பார்ப்பது வழக்கம்.

நம் நாட்டுத் தத்துவ நூல்களில் ‘அனுபலப்தி’ என்றோர் அளவை பேசப்படுகிறது. ஒரு பொருள் காணப்படாமையிலிருந்து அதன் இன்மையை அறிதல் என்பது அதன் பொருள். குமாரில பட்டரின் வழிவந்த மீமாஞ்சகரும், அத்வைதிகளும் இதைத் தனி அளவையாக ஏற்பர். ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: அப்பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் நிலையில்தான் காணாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சமுள்ள அறையில் மேசைமேல் குடம் தெரியாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியாவிட்டால் அதிலிருந்து ஒன்றும் பெறப்படாது. வகுப்பில் இதைக் கேட்டபோது, இதற்கு இத்தனை வாதமா என்று எனக்குத் தோன்றியதுண்டு. டார்ட்மூர் மூடுபனியில் கைகள் விறைக்கத் துழாவும் ஒருவர், ‘இங்கே இருந்திருந்தால் நான் கண்டிருப்பேனா?’ என்று தம்மையே கேட்டுக்கொள்வதை எண்ணிப் பார்த்தபின்புதான் அந்த நிபந்தனையின் அருமை எனக்கு விளங்கிற்று. நூலகத்தில் நான் அகராதிகளுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்கவில்லை. அது இருட்டறைத் தேடல்.

இனி, தேடியவர் செய்தி சொல்லும் முறை. ‘இன்ன தேதியில், இன்ன குறிப்பின்படி, இன்ன இடம்வரை சென்றேன், கிடைக்கவில்லை’ என்று வைத்தவருக்குத் தெரிவிக்கிறார். ‘போய்விட்டது’ என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. வைத்தவர் இச்செய்தியைக் கடைசியாக அதைக் கண்டவரின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். போன வாரம்வரை பலர் கண்ட பெட்டியை ஒருவர் காணவில்லையென்றால் அதில் பொருளில்லை. ஓராண்டாக எவரும் காணாத நிலையில், அனுபவமுள்ள மூவர் அடுத்தடுத்துத் தோற்றுத் திரும்பினால் நிலைமை வேறு. அப்போது வைத்தவர் தாமே நேரில் போய்ப் பார்க்கவேண்டும். இடம் அவருக்குத் தெரியும். அவருடைய காணாமை வெளிச்சமுள்ள அறையின் காணாமை.

எதையும் ‘போய்விட்டது’ என்று சொல்லாமலே இருந்துவிட்டால் பெருந்தன்மையாகாதா என்று யாரேனும் கேட்கலாம். அதுவும் கேடுதான். உண்மையிலேயே போய்விட்ட பெட்டி பட்டியலில் நீடித்தால், வருகிறவர் ஒவ்வொருவரும் அங்கே கற்களைப் புரட்டுவார்; புல்தரையைக் கிளறுவார். டார்ட்மூரிலோ வரலாற்றுக்கு முந்தைய மக்கள் நட்டுவைத்த கல்வரிசைகளும் கற்குவைகளும் எங்கும் இருக்கின்றன. அதனால்தான் பெட்டிகளைப் பழஞ்சின்னங்களிலும் சுவர்களிலும் வைக்கக்கூடாது, காரை பூசி ஒட்டக்கூடாது என்று விதிகள் செய்திருக்கிறார்கள். இல்லாத பெட்டி, இருக்கும் பெட்டியைவிட நிலத்துக்கு அதிகத் தீங்கு செய்யும். ஆகவே பெட்டி போனது உறுதியான மறுகணம் வைத்தவர் குறிப்பைத் திரும்பப் பெறுவது கடமையாகக் கருதப்படுகிறது.

பெட்டிகள் எப்படிப் போகின்றன? வெள்ளம் கொண்டுபோகிறது, காட்டுத்தீ உருக்குகிறது, அமெரிக்கக் காடுகளில் விலங்குகள் கடித்துக் குதறுகின்றன. குப்பையென்று நினைத்துத் துப்புரவாளர் எடுத்துப் போவதும், விவரமறியாத வழிப்போக்கர் தூக்கிப் போவதும் உண்டு. மர்மப் பொருளோ என்று அஞ்சிக் காவல்துறைக்குச் சொல்லுவோரும் உளர். இதற்காகவே மூடியின்மேல் இது என்னவென்று விளக்கி, அப்படியே வைத்துவிடும்படி வேண்டும் சீட்டு ஒட்டுகிறார்கள். நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் முன்னனுமதியும் பெறுகிறார்கள். கிரான்மியர்ப் பக்கம் இராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி நிலம் வேறு. பகலில் சிவப்புக்கொடியும் இரவில் சிவப்புவிளக்கும் ஏற்றியிருந்தால் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர் திரும்பிவர வேண்டியதுதான்.

போன பெட்டிக்குப் பதில் புதிதாக ஒன்றை வைத்தவர் மட்டுமே வைக்கலாம். அல்லது அவர் சம்மதம் தந்தவர். தேடி வந்தவர் இரக்கப்பட்டுத் தாமாக ஒன்றை வைத்துவிட்டால், பழையதும் அருகிலேயே ஒளிந்திருக்க, ஒரே குறிப்புக்கு இரண்டு பெட்டிகள் ஆகிவிடும். சில சமயம் பாதி மட்டும் கிடைக்கும்: பதிவேடு நனைந்து கிடக்க, முத்திரையை எவரோ கொண்டுபோயிருப்பார். முத்திரையை மறுபடி செதுக்கிக்கொள்ளலாம். முழுப்பெட்டியும் போய்விட்டால், பல்லாண்டுகளாக வந்துபோனவர்களின் முத்திரைகள் நிறைந்த பதிவேடு போனது போனதுதான். அதற்கு மாற்றில்லை. நிறைந்த ஏடுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதுகாத்துவிட்டுப் புதிய ஏட்டை வைப்போர் இதனால்தான் அப்படிச் செய்கிறார்கள்.

கைவிடப்பட்ட குறிப்புகளையே தேடிச் சேர்த்துக்கொண்டு, ‘இல்லை’ என்று முடிவான பெட்டிகளை மீண்டும் தேடப் புறப்படுவோரும் இவர்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையில் எப்போதாவது ஒன்று அகப்பட்டுவிடுகிறது. சருகு மூடி, உள்ளே ஏடு உலர்ந்தபடி, கடைசியாக வந்தவரின் பதிவுக்கு அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கும்.

கிரான்மியர் குளத்தைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அதில் தண்ணீர் கிடையாது. ஒருகாலத்தில் இருந்த நீர் வடிந்துபோய், சதுப்பின் நடுவே ஒரு பள்ளம்தான் எஞ்சியிருக்கிறது. முதன்முறை செல்பவர்கள் குளத்தைத் தேடி அங்குமிங்கும் அலைவதுண்டு. பெட்டி அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே இருக்கிறது.